கேள்வி – பதில்: முறுக்கிக்கொண்ட தேவாலயக் கூம்பு

கேள்வி: இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் ஊரில், பிழிந்த வேட்டி போல முறுக்கிக்கொண்டு நிற்கும் தேவாலயக் கூம்பின் படத்தைப் பார்த்தேன். பச்சை மரத்தில் செய்ததுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 14-ஆம் நூற்றாண்டில் நேராகத்தான் எழுப்பினார்கள். இன்று 228 அடி உயரத்தில் இருக்கும் நுனி, நடுவிலிருந்து ஒன்பதரை அடி விலகி நிற்கிறது. கூம்பு 45 டிகிரி திரும்பியிருக்கிறது.

ஆனால் பச்சை மரத்தின்மேல் முழுப்பழியையும் போடுவது நியாயமில்லை. அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகத்தான் இழைத்தார்கள். காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. ஓக் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கேதான் சுருங்கும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இருமடங்கு. அதனால்தான் சட்டம் கோணுகிறது. எதிரெதிராகக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்திருந்தால் ஒன்றின் கோணலை இன்னொன்று பிடித்து நிறுத்தியிருக்கும். இங்கே அவை போதவில்லை. 1348–49 கொள்ளைநோயில் தேர்ந்த தச்சர்கள் பலர் மாண்டதால் வந்த குறை இது என்றும் சொல்வதுண்டு.

அந்த மரக்கூட்டின் மேல் சுமார் 33 டன் காரீயத் தகடு. எட்டு முகங்களிலும் மீன்முள் போலச் சாய்த்துப் பதித்திருப்பதால், ஒவ்வொரு முகமும் இரண்டாகப் பிளந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். எடையைவிட வெயில்தான் பொல்லாதது. உச்சிவெயில் தெற்கு முகத்தில் விழுகிறது. 3 மீட்டர் காரீயத் தகடு 40 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். குளிரும்போது முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. தன் எடையிலேயே நழுவி, மடிப்பு விழுந்து, கடைசியில் அந்த மடிப்பிலேயே கிழியும். தகட்டைச் சிறிதாக வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் ஆணி அடித்து, கீழ்ப்பக்கம் அசைய இடம் விடுவது இதற்காகத்தான். நான்கு பக்கமும் இறுக்கினால் சீக்கிரம் கிழியும்; கிழிசல் வழியே இறங்கும் மழைநீரில் ஓக்கும் உளுத்துப்போகும்.

கேள்வி: இத்தகைய பழைய தேவாலயங்களின் வயதை ஜன்னலைப் பார்த்தே சொல்லலாமா?

பதில்: ஓரளவுக்கு. அரைவட்ட வளைவு என்றால் பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டு. ஒடுங்கி உயர்ந்த கூர்வளைவு 13. கொடிபோல் நெளியும் கல்வேலைப்பாடு 14-இன் முற்பாதி. மேல்வரை நேராக ஏறும் கல்கம்பிகள் அதற்குப் பிந்தியவை. ஆனால் வெளிச்சம் வேண்டிப் பழைய சுவரை உடைத்துப் புது ஜன்னல் வைத்தது ஏராளம். ஆகவே ஜன்னலைச் சுற்றியுள்ள கல்வரிசை ஒழுங்காகத் தொடர்கிறதா, வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறதா என்று பாருங்கள். வெட்டியிருந்தால் ஜன்னலைவிடச் சுவர் மூத்தது.