ஆற்றங்கரைப் புறம்போக்கு வீட்டுக்கு நோட்டீஸ்: 15 நாள் அவகாசம் உண்டா?

கேள்வி: சென்னையில் ஆற்றங்கரைப் புறம்போக்கில் 22 வருடமாகக் குடியிருக்கிறோம். ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது உண்டு. 7 நாளில் விளக்கம் கேட்டு தாசில்தார் நோட்டீஸ் கதவில் ஒட்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி வீட்டை இடிக்கும் முன் 15 நாள் தர வேண்டும் என்கிறார்களே? வீடு எங்கள் உரிமை இல்லையா?
– வாசகி, சென்னை

பதில்: சகோதரி, அந்த 15 நாளை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 13-ல் வந்த அந்தத் தீர்ப்பு சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்குப் பொருந்தாது. தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இருப்பிடம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995-ல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைபாதைவாசிகளுக்காக நடந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே (1985) அகற்றவே கூடாது என்று தீர்ப்பாகவில்லை. முன்கூட்டி நோட்டீஸ் தந்து, அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதுதான் கிடைத்தது. அதை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

நோட்டீஸில் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிரிவு 7 என்றிருந்தால், அது விளக்கம் கேட்பது மட்டுமே. வெளியேற்ற, பிரிவு 6-ன் கீழ் தனி உத்தரவு வேண்டும். பலர் வி.ஏ.ஓ.விடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ‘பதில் வரவில்லை’ என்று கோப்பு மூடப்படுவது அப்படித்தான். கெடுவுக்குள் தாலுகா ஆபீஸில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட். சர்வே எண், நிலம் அளந்த வரைபடம் இரண்டையும் அதிலேயே கேளுங்கள். உங்கள் வீடு ஆற்று எல்லைக்கு வெளியே இருக்கவும் வாய்ப்புண்டு.

வரி ரசீதும் கரண்ட் பில்லும் பட்டா ஆகாது. எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. மாற்று வீடு கேட்க அவைதான் ஆதாரம். மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பு நாளில் வீடு பூட்டியிருந்தால் பெயர் விடுபடும். யாராவது ஒருவர் இருங்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உத்தரவு வந்தால் தாமதிக்காமல் ஆட்சியரிடம் மேல்முறையீடு, கூடவே வெளியேற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்டுத் தடை மனு. அதற்குள் இடிக்க வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு: 15100-ஐ இன்றே அழையுங்கள்.