படகில் போகும் பலகாரம்

(அமெரிக்காவின் மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை மலைகளின் ஊடே போகும் நடைபாதையான பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதை பற்றிய வாசகர் கேள்விகள். 2019இல் வாஷிங்டன் மாநிலப் பகுதியை, ஏறக்குறைய 800 கிலோமீட்டர், நடந்தவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.)

கேள்வி: என் மகன் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருக்கிறான். செப்டம்பரில் ஸ்டெஹீகின் என்ற ஊருக்கு வருவானாம். அங்கே முறுக்கு அனுப்பலாமா? கூரியர்காரர் அப்படி ஓர் ஊரே தெரியாது என்கிறார். (வாசகி, கும்பகோணம்)

அவர்மேல் தப்பில்லை அம்மா. அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. செலான் ஏரி 80 கிலோமீட்டர் நீளம்; அதன் வடகோடியில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஸ்டெஹீகின். படகில் போகலாம், நீரில் இறங்கும் குட்டி விமானத்தில் போகலாம், உங்கள் பிள்ளையைப் போல நடந்தும் போகலாம். ஊர்க்காரர்களுக்கு மளிகைச் சாமானே மறுகரையிலிருந்து படகில்தான் வருகிறது. தபாலும் அப்படியே. ஆகவே அவன் வருவதற்கு இரண்டு வாரம் முன்பாவது பெட்டி கிளம்பியாக வேண்டும். இந்தியாவிலிருந்து நேரே அனுப்பாதீர்கள். சுங்கச் சோதனையில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாரிடமாவது சொல்லி அங்கிருந்து போடச் சொல்லுங்கள்.

முகவரி எளிது: மகன் பெயர், ஜெனரல் டெலிவரி (தபால் அலுவலகத்திலேயே வைத்திருந்து, வந்து கேட்பவரிடம் கொடுக்கும் முறை), ஸ்டெஹீகின், வாஷிங்டன் 98852. ஓரத்தில் 'பாதை நடையாளர்' என்றும் வரும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். பாதையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். அதை எழுதினால் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாமல் திண்டாடுவான்.

முறுக்கு வேண்டாம், தூளாகத்தான் போய்ச் சேரும். பொருவிளங்காய் உருண்டை பிடியுங்கள். சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும் என்று நாம் கேலி செய்வோமே, அந்தக் கெட்டித்தனம்தான் இங்கே தேவை. பயறும் வெல்லமும் நடப்பவனுக்குச் சரியான தீனி. தேங்காய்ப் பல் மட்டும் போடாதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும்.

கேள்வி: அங்கிருந்து எல்லை வரை எத்தனை நாள் உணவு சுமக்க வேண்டும்? (வாசகர், பெங்களூரு)

பழைய குறிப்புகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஸ்டெஹீகினிலிருந்து கனடா எல்லைக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நான் நடந்தபோது முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி, சற்றுத் தூரத்தில் கனடாவின் மானிங் பார்க்கில் முடித்துவிட முடிந்தது. 2025இல் கனடா அந்த அனுமதியை நிறுத்திவிட்டது. இப்போது எல்லைத் தூணைத் தொட்டுவிட்டு, வந்த வழியே 50 கிலோமீட்டர் திரும்பி, சாலை வந்து சேரும் ஹார்ட்ஸ் கணவாய்க்கு வர வேண்டும். ஆக மொத்தம் 180. நாளுக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஆறு நாள். நாளுக்கு 800 கிராம் என்றால் ஐந்து கிலோ. மழை பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டியிருக்கும், ஒரு நாள் உபரியும் வேண்டும். வழியில் ரெய்னி கணவாயில் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது, அங்கே இறங்கிச் சாமான் வாங்கலாம்தான். முடிவு இவ்வளவு அருகில் வந்த பிறகு யாருக்கு இறங்க மனம் வரும்?

கேள்வி: உங்கள் பெட்டியில் என்ன வைத்திருந்தீர்கள்? (வாசகி, மதுரை)

இதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தை வடித்து, உலர்த்தி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வழியிலுள்ள எல்லா ஊர்களுக்கும் அதையே அனுப்பியிருந்தேன். எனக்குப் பிடித்த சாதம். மூன்றாவது ஊரிலேயே அதன் வாசனை குமட்டியது. பெட்டி கட்டியபோது இருந்த நாக்கு வேறு, முந்நூறு கிலோமீட்டர் நடந்த நாக்கு வேறு.

ஸ்டெஹீகினுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். பாதையிலிருந்து ஊர் 18 கிலோமீட்டர். ஒரு சிவப்பு பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. ஞாயிறு தபால் அலுவலகம் மூடியிருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாள்கணக்கே மறந்து நடந்த எனக்குத் தோன்றவில்லை. அந்த ஞாயிறு முழுவதும் படகுத்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பேக்கரியில் கழிந்தது. உள்ளங்கையைவிடப் பெரிய சின்னமன் ரோல், காலையில் இரண்டு, மதியம் ஒன்று. வெட்கப்படவில்லை.

திங்களன்று பெட்டியைப் பிரித்து, சாதப் பொட்டலங்களை அப்படியே 'ஹைக்கர் பாக்ஸி'ல் போட்டேன். வேண்டாததைப் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் பொதுப்பெட்டி அது. பதிலுக்கு நூடுல்ஸும் ஒரு பாட்டில் நிலக்கடலை வெண்ணெயும் எடுத்துக்கொண்டேன். இரண்டு இரவு கழித்து, முகாமிட்ட இடத்தில் ஒரு ஜெர்மானிய இளைஞர் மஞ்சள் சோறு கிளறிக்கொண்டிருந்தார். என்னுடையது! கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இது என்ன விதை என்று கேட்டார். அவர் நீட்டிய கிண்ணத்திலிருந்து நாலு கரண்டி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கேள்வி: அவன் அங்கே போனதும் போன் செய்வானா? (கும்பகோணம் வாசகியே மறுபடியும்)

செல்பேசி சிக்னல் அங்கே கிடையாது அம்மா. இரண்டு மூன்று நாள் அழைப்பு வராவிட்டால், பேக்கரியில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.