இரட்டிப்புச் சம்பளம் என்கிற கணக்கு

தம்பி, கொக்கட்டிச்சோலையில் வயல் வேலை குறைந்துவிட்டது, கொழும்பில் மாடிக் கட்டடத்தில் கையாள் வேலை இருக்கிறது, மட்டக்களப்புக் கடையில் தருவதைவிட நாள் சம்பளம் இரட்டிப்பு, போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

போங்கள். நெல் வெட்டு மெசின் வந்த பிறகு வரம்பில் காத்திருந்து என்ன கிடைக்கும்? ஆனால் அந்த இரட்டிப்பை ஒருக்கா கொப்பியில் எழுதிப் பாருங்கள். நான் வெள்ளவத்தைப் பக்கம் நின்றபோது அறை வாடகை, மூன்று நேரச் சோற்றுப் பார்சல், மழைக்கு வேலை நின்ற நாட்கள் எல்லாம் கழித்தால் ஊர்ச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட மிஞ்சியது. தங்குமிடம் கொந்தராத்துக்காரர் தருவாரா?

அப்புறம் ஊழியர் சேமலாப நிதி (EPF), ஓய்வுக்காலத்துக்குச் சேருகிற பணம். நாள் சம்பளக்காரருக்கு அது இல்லை என்பார்கள். எனக்கும் அப்படிச் சொல்லியே இரண்டு வருடம் போனது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிக வேலையாளுக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி (ETF) என்கிற இன்னொரு நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும்.

கையாளாகவே நின்றுவிடாதீர்கள். சாந்து குழைக்கிற நாளிலேயே சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டு பிடித்துப் பழகுங்கள். பிறகு, வேலை அனுபவத்தைச் சோதித்தே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருவார்கள், அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் (NAITA) விசாரியுங்கள். அது கையில் இருந்தால் ஊருக்குத் திரும்பியும் மேசன் சம்பளம் கேட்கலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற நம்மவர் மட்டக்களப்புப் பக்கம் வேலைக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லையே.

கொந்தராத்துக்காரர் தங்குமிடம் பற்றிச் சொன்னதை இங்கே எழுதுங்கள்.