வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோடும் வேக வரம்பும்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்கு வந்து, பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வர எண்ணம். கர்நாடகத்தில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எஃப்ஐஆர் என்கிறார்கள், வழியெல்லாம் கேமரா. இப்படி வேக வரம்பை இறுக்குவதால் நிஜமாகவே சாவு குறைகிறதா, இல்லை எல்லாம் வசூலுக்குத்தானா? கூடவே, தமிழ்நாட்டு நம்பர் வண்டியைக் கேமரா பிடிக்குமா?

நான் பெங்களூரு கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறேன். சொந்த ஊர் சேலம் பக்கம். சங்ககிரி, நாமக்கல் டிரைவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வயதானவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாவு குறைகிறது. பலகையில் எழுதிய எண் குறைந்ததால் அல்ல, வண்டிகள் நிஜமாகவே மெதுவாகப் போகும்போதுதான் குறைகிறது. இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

பெங்களூரு ஊருக்குள் பகலில் வேக வரம்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பத்து கிலோமீட்டர் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர் இது. சிக்கல் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டியதும்தான் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டிலும் சந்தாபுரத்திலும் முதல் கியரிலேயே நசுங்கி வந்தவன், ஓசூரைத் தாண்டியதும் இழந்த நேரத்தையெல்லாம் கிருஷ்ணகிரிக்குள் மீட்கப் பார்ப்பான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கி.மீ. 100-லேயே போனால் அரை மணி, 80-ல் போனால் முப்பத்தேழரை நிமிடம். மிச்சம் ஏழரை நிமிடம். "ஏழரைன்னாலே சரியில்லை சார்" என்பார் எங்கள் டிரைவர் ஒருவர். அந்த ஏழரையையும் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசை தின்றுவிடும்.

இதே 20 கி.மீ. வித்தியாசம் பிரேக் பிடிக்கும்போது வேறு முகம் காட்டும். இருட்டில் சூளகிரி பக்கம் நடு ரோட்டில் ஒரு மாடு நிற்கிறது என்று வையுங்கள். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. 100-ல் வந்தால் அதற்குள் வண்டி 40 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அப்புறம் நிற்க, காய்ந்த தார் ரோட்டிலேயே, இன்னும் சுமார் 55 மீட்டர். 80-ல் வந்தால் இரண்டும் சேர்த்து 70 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதாவது 80-ல் வந்தவன் மாட்டுக்கு முன்னால் நின்றுவிட்ட அதே இடத்தில், 100-ல் வந்தவனின் முள் இன்னும் 70-க்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில்தான் மோதுவான்.

இது காகிதக் கணக்கு, நிஜத்தில் என்ன ஆனது என்றால், பிரான்சில் நாடளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2018 ஜூலை 1 முதல், நடுவில் தடுப்பில்லாத இருவழி ஊர்ப்புறச் சாலைகளில் வரம்பை 90-லிருந்து 80 ஆக்கினார்கள். சுமார் 4 லட்சம் கி.மீ. சாலை. ஜனங்கள் கொதித்தார்கள். "பாரிசில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பாக்கெட்டில் கை வைக்கிறார்கள்" என்ற பேச்சு, நீங்கள் கேட்ட அதே வசூல் கேள்விதான். அந்த வருடக் கடைசியில் வந்த மஞ்சள் சட்டைப் போராட்டத்தில் வேகக் கேமராக்களில் பெரும்பாலானவற்றை உடைத்துப் போட்டார்கள். அப்படியும் 2020-ல் அரசுத் தொழில்நுட்ப நிறுவனமான செரமா வெளியிட்ட மதிப்பீட்டில், 20 மாதங்களில் 349 உயிர்கள் மிச்சம் என்று வந்தது. சராசரி வேகம் குறைந்தது எவ்வளவு தெரியுமா? 3 கி.மீ. சொச்சம். பயண நேரம் கிலோமீட்டருக்கு ஒரு விநாடி கூடியது. பிறகு சட்டம் தளர்ந்து, பல மாவட்டங்கள் மீண்டும் 90-க்கே போய்விட்டன. ஓட்டு முக்கியம், எங்கேயும் அப்படித்தான்.

பலகையில் 10 குறைத்தால் சாலையில் 3 குறைகிறது. அந்த மூன்றுக்கே இவ்வளவு பலன். ஸ்வீடனிலும் 2008, 2009 வாக்கில் பல ஊர்ப்புறச் சாலைகளை 90-லிருந்து 80 ஆக்கியபோது இதே கதைதான். வேகம் இரண்டு மூன்று கி.மீ. குறைய, அந்தச் சாலைகளில் சாவு 41 சதவீதம் குறைந்தது. ஆனால் பலத்த காயத்தில் அப்படித் தெளிவான மாற்றம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்த்திசையில் போன கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2014-ல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் வரம்பை ஏற்றியது. சாவு கூடியதைப் பார்த்து 2018-ல் பல இடங்களில் திரும்ப இறக்கியது.

நம் ஊருக்கு வருவோம். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவீதம் அதிவேகத்தால் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்த 71-ஐ நான் அப்படியே நம்புவதில்லை. எஃப்ஐஆர் வாசகத்தைப் படித்திருக்கிறீர்களா? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்றுதான் முக்கால்வாசி தொடங்கும். ரோட்டில் பள்ளம், எரியாத விளக்கு, ராங் சைடில் வந்த டிராக்டர், டெயில் லாம்ப் இல்லாமல் நிறுத்திய டாரஸ் லாரி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப் போகும். வேகம் பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதுவே எல்லாம் என்று சொன்னால் சாலை போட்டவர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

பெங்களூரிலிருந்து மைசூரு போகும் புது விரைவுச் சாலை இதற்கு நல்ல உதாரணம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். சில மாதங்களிலேயே செத்தவர்கள் கணக்கு பயமுறுத்தியது. காருக்கு 100 என்று கறாராகப் பிடிக்கத் தொடங்கினார்கள், கேமரா வைத்தார்கள், ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டரை நடுப்பாதையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறக்கினார்கள். 2023-ல் 180-க்கு மேல் இருந்த சாவு 2024-ல் 50 அளவுக்கு வந்தது. இதில் கேமராவின் பங்கு எவ்வளவு, பைக்கை இறக்கியதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் இரண்டாவதுக்குக் கணிசமான பங்கு உண்டு. 100-ல் போகும் காரும் 40-ல் போகும் டிவிஎஸ் எக்ஸெல்லும் ஒரே பாதையில் போகும் வரை எந்தப் பலகையும் முழுசாகக் காப்பாற்றாது. 130-க்கு எஃப்ஐஆர் என்பது 2024 ஆகஸ்டில் வந்தது. அது வரம்பே அல்ல, பைத்தியக்கார ஓட்டத்துக்கான வழக்கு. 129 வரை போகலாம் என்று பொருள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பாதையில் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் தொப்பூர். தருமபுரி தாண்டி சேலம் போகும் இறக்கம். லோடு லாரிகளுக்கு அங்கே 30 கி.மீ. என்று வரம்பு உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு, ஒலிபெருக்கியில் அறிவிப்பும் உண்டு. அத்தனைக்கும் பிறகும் வண்டி வண்டியாக மோதியிருக்கின்றன. ஏன் என்று எங்கள் டிரைவர்களைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். கியரின் பிடி இல்லாமல் 30 டன் எடை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சரக்கு வண்டிக்கு 80-க்கு மேல் போகாதபடி ஸ்பீடு கவர்னர் கட்டாயம் என்றாலும், நியூட்ரலில் உருளும் வண்டியை அது என்ன செய்யும்? அங்கே தேவை வேறு சாலைதான். 775 கோடி ரூபாயில் மேம்பாலச் சாலை என்று ஒப்புதல் கிடைத்தது. அது முழுசாகப் பயனுக்கு வரும் வரை, லோடு லாரிக்கு முன்னால் ஒட்டிப் போகாதீர்கள், பின்னால் ஒட்டியும் போகாதீர்கள். மூன்றாம் கியரிலேயே இறங்குங்கள்.

இன்னொன்று. நான்கு வழிச் சாலையில் நடுவில் மீடியன் இருக்கிறது, அதுவே பாதிப் பாதுகாப்பு. சனி ஞாயிறில் நண்பர்களோடு தளி, தேன்கனிக்கோட்டை, கனகபுரா பக்கம் சுற்றப் போவீர்கள் அல்லவா, அந்த இருவழிச் சாலைகள்தான் பிரான்சில் வரம்பைக் குறைத்த வகைச் சாலைகள். எதிர்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வெள்ளைக் கோடு மட்டும்தான், பல இடங்களில் அதுவும் அழிந்திருக்கும். வளைவில் ஆட்டு மந்தை நிற்கும். அங்கே கேமரா இல்லை, யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் 60-க்கு மேல் போக வேண்டாம் என்பதுதான் நான் என் மகனுக்குச் சொல்வதும். அயர்லாந்து 2025 பிப்ரவரியில் இப்படிப்பட்ட உள்ளூர்ச் சாலைகளை 80-லிருந்து 60-க்கு இறக்கியபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

வேகத்தை ஏற்றும் கட்சியும் நம்மிடம் உண்டு. 2018-ல் மத்திய அரசு விரைவுச் சாலைக்கு 120 வரை அனுமதித்து அறிவிப்பு வெளியிட்டது. விபத்தில் படுகாயமடைந்த ஒரு பெண்ணின் இழப்பீட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் அதை ரத்து செய்தது. வண்டியும் சாலையும் நன்றாகிவிட்டன என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடுதான். வண்டி நன்றாகிவிட்டது, மாடு அப்படியேதான் இருக்கிறது.

வசூலா என்றீர்கள். வசூலும்தான். கர்நாடகத்தில் கட்டாத அபராதம் மலைபோல் சேர்ந்து, 2023-ல் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள், ஆடித் தள்ளுபடிக்கு நிற்பது போல் ஜனங்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். அப்படித் தள்ளுபடி கொடுத்தால் அடுத்த தள்ளுபடி வரும் வரை எவன் கட்டுவான்? வேகக் கேமராவின் பயமே அதில் போய்விடுகிறது என்பது என் எண்ணம். அதற்காகக் கேமராவே வேண்டாம் என்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக நம்பர் பிளேட். கேமராவுக்கு டிஎன், கேஏ எல்லாம் ஒன்றுதான், இ-சலான், அதாவது அபராதச் சீட்டு, வந்து சேரும். ஆனால் யாருக்கு? நீங்கள் பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள். ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால் உங்கள் வேகத்துக்கு அவர் போனில் மெசேஜ் வரும், விபத்து ஏதும் ஆனால் இன்சூரன்சிலும் இழுபறி. ஊருக்குக் கிளம்பும் முன் மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயரும் போன் நம்பரும் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் பயணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, ஆர்டிஓ ஆபீசுக்கு ஒருநாள் லீவு போடுங்கள்.