நின்றால் சூடு, ஓடினால் சரி: ஃபேன் கிளட்ச் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடைய டீசல் வாகனம் நெடுஞ்சாலையில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும், ஏசியை இயக்கியபடி நிறுத்தி வைத்திருக்கும்போதும் முள் மேலே ஏறிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் ரேடியேட்டரைவிட ஃபேன் கிளட்சையே அதிகம் சுட்டுகின்றன. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுவதால், அப்போது ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை. வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் காற்றை இழுத்துத் தருவது ஃபேன் மட்டுமே. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருந்தால் பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கும். அதாவது இன்ஜின் அதிக வேகத்திலும் பாரத்திலும் உழைக்கும் நெடுஞ்சாலையிலும் மேட்டிலும்தான் முள் முதலில் ஏறும். ஆகவே எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பு, எப்போது சூடேறுகிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்காமல் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வரிசையாக மாற்றிய பிறகும் சூடு குறையாத வண்டிகள் ஏராளம்.

உங்கள் வண்டியில் ஃபேன், இன்ஜின் முகப்பில் உள்ள புல்லியுடன் நேரடியாக இணைக்கப்படாமல் ஒரு கிளட்ச் வழியாகச் சுழல்கிறது. அந்தக் கிளட்சுக்குள் அடர்த்தியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அதன் முன்முகத்தில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சுருள் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று, வாகனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது அந்தச் சுருள் திருகி உள்ளே ஒரு வால்வைத் திறக்கிறது. சேமிப்பு அறையில் இருந்த எண்ணெய் இயங்கும் அறையின் நுண்ணிய பள்ளங்களுக்குள் பாய்ந்து, புல்லியோடு சேர்ந்து சுழலும் தட்டின் வேகத்தை ஃபேனுக்குக் கடத்துகிறது. காற்று குளிர்ந்ததும் வால்வு மூடிக்கொள்ள, எண்ணெய் சேமிப்பு அறைக்குத் திரும்ப, ஃபேன் மெதுவாகிறது. எண்ணெய் கசிந்துவிட்டாலோ சுருள் கெட்டுவிட்டாலோ ஃபேன் சுழல்வது போலத் தோன்றுமே தவிர, இழுக்க வேண்டிய காற்றை இழுக்காது. முதலில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் அடைத்துள்ளனவா என்றும், ஃபேனைச் சுற்றியுள்ள கவசம் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவை இரண்டும் சரியாக இருந்தால் அடுத்துச் சோதிக்க வேண்டியது கிளட்ச்.

கேள்வி: காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் ஃபேன் பெரிதாக இரைகிறது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. இது பழுதா?

பதில்: பழுது இல்லை. இரவு முழுவதும் நின்றதில் எண்ணெய் இயங்கும் அறைக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது சேமிப்பு அறைக்குத் திரும்பும் வரை அந்த இரைச்சல் இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே இரைச்சல் அடங்காமல் தொடர்ந்தால்தான் கிளட்ச் இறுகிப்போயிருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: கிளட்ச் நல்ல நிலையில் உள்ளதா என்பதை நாமே சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எல்லாச் சோதனைகளையும் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்த பிறகே செய்ய வேண்டும். சில வாகனங்களில் கூடுதலாக உள்ள மின்விசிறி, சாவியை எடுத்த பின்னும் தானாக ஓடக்கூடும் என்பதால், அத்தகைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ஓடும் ஃபேனைச் சுருட்டிய காகிதத்தால் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இறக்கை உடைந்து தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளட்சின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள். சுருளின் நடுப்பகுதியிலிருந்தோ பின்புறத் தண்டின் ஓரத்திலிருந்தோ வெளிநோக்கி விரியும் கருத்த கோடுகள், அவற்றின்மேல் பிசுபிசுப்பாக ஒட்டிய தூசி ஆகியவை தென்பட்டால் எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மிக மெல்லிய ஈரப்பசை மட்டும் இருந்தால் பதற வேண்டாம். துடைத்துவிட்டுச் சில வாரங்கள் கவனியுங்கள். அடுத்து, ஃபேனின் எதிரெதிர் இறக்கை நுனிகளை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நுனியில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டம் கிளட்சில் இருக்கிறதா, வாட்டர் பம்பின் தண்டில் இருக்கிறதா என்பதைப் புல்லியைத் தனியே அசைத்துப் பிரித்தறிய வேண்டும்.

மூன்றாவதாக, வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு நிறுத்தி, உடனே ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல கிளட்ச் கையை எதிர்க்கும், விட்டவுடன் நின்றுவிடும். சூடான நிலையிலும் பல சுற்றுகள் தாராளமாகச் சுழன்றுகொண்டே இருந்தால் அது பயனற்றுப் போய்விட்டது.

கேள்வி: கிளட்ச் பழுதாகிவிட்டதால் ஃபேனை அதனுடன் சேர்த்து வெல்டிங் வைத்தோ போல்ட் போட்டோ பூட்டிவிடலாம், நிரந்தரமாகக் காற்று வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஃபேனைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி, அதன் வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். சராசரியான கிளட்ச் விலகி நிற்கும் நேரத்தில் ஃபேன், புல்லியின் வேகத்தில் 20 முதல் 30 விழுக்காடு அளவிலேயே சுழலும். முழுமையாகப் பிடித்த நிலையிலும் சிறிது வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த வழுக்கலையே நீக்கிவிட்டால், இன்ஜின் உச்ச வேகத்தில் ஓடும்போது இறக்கைகள், தாங்குவதற்கு வடிவமைக்கப்படாத வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். டீசல் வீணாவதும் இரைச்சலும் சிறிய இழப்புகள். வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்து ஆடத் தொடங்கினால் ஃபேன் ரேடியேட்டரையே கிழித்துவிடும். இறக்கை ஒன்று ஓட்டத்தில் முறிந்தால் பானெட்டைத் திறந்து நிற்பவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். வழியில் நின்றுவிட்ட வண்டியைப் பணிமனைவரை கொண்டுசெல்ல வேண்டுமென்றால், ஏசியை அணைத்து, முள்ளைக் கவனித்து, அடிக்கடி நிறுத்தி ஓட்டுவதே சரியான வழி. முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் இழுவை வண்டியை அழைப்பதே நல்லது.

கேள்வி: புதிய கிளட்சை நானே மாட்ட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: கடையிலிருந்து வாங்கி வந்ததும் அதைப் படுக்க வைக்காமல், வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்தி வையுங்கள். நீண்ட நேரம் முகம் குப்புறக் கிடந்தால் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். பேரிங்கும் சீலும் பாதிக்கப்படலாம்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கிளட்சுக்குள் கூலண்ட் இல்லை. ஆகவே அதை மாற்றுவதற்காகக் கூலண்டை வடிக்கத் தேவையில்லை. கவசத்தை வெளியே எடுக்க மேல் ஹோஸைக் கழற்றியாக வேண்டிய வண்டிகளில் மட்டும் சிறிது வடித்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே தடித்த அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள். ஸ்பேனர் ஒருமுறை வழுக்கினாலும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நசுங்கிவிடும்.

கிளட்ச் பொதுவாக இரண்டு விதங்களில் பொருத்தப்பட்டிருக்கும். நான்கு நட்டுகளால் புல்லியில் பிடிக்கப்பட்டிருந்தால், பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பின் முயன்றால் புல்லியும் கூடவே சுற்றும். ஒரே பெரிய நட்டினால் தண்டில் திருகப்பட்டிருந்தால், அதன் மரை எந்தத் திசையில் என்பதை அந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும் இடது மரை கொண்ட வண்டிகள் உள்ளன. தவறான திசையில் நீளமான குழாயைப் போட்டு இழுத்து, வாட்டர் பம்பின் தண்டையே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய ஃபேனைப் புதிய கிளட்சில் மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு இறக்கையும் நடுவளையத்தோடு சேரும் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பாருங்கள். அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் ஃபேனை மாற்ற வேண்டும். வளைந்த உலோக இறக்கையை நிமிர்த்திப் பயன்படுத்துவதும் கூடாது. முன்பக்கம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டப்பட்ட ஃபேன் போதிய காற்றை இழுக்காது. கிளட்சின் உடல் அலுமினியம் என்பதால் போல்ட்டுகளைக் கையேட்டில் சொல்லப்பட்ட அளவுக்கு மட்டுமே டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்குங்கள். மிகையாக முடுக்கினால் மரை போய்விடும். இதே வேலையில் வாட்டர் பம்பையும் பெல்ட்டையும் பரிசோதித்துவிடுங்கள். பம்ப்பின் தண்டில் சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் அதையும் மாற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆடும் தண்டில் மாட்டிய புதிய கிளட்ச் நீண்ட நாள் உழைக்காது.

எல்லாம் பொருத்திய பின் ஃபேனைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இறக்கையும் கவசத்தில் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: புதிய கிளட்ச் வாங்காமல், பழையதில் சிலிக்கோன் எண்ணெயை மட்டும் நிரப்ப முடியாதா?

பதில்: சில கிளட்சுகளில் முடியும். இரண்டு பாதிகளும் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தால் பிரித்து நிரப்பலாம். டொயோட்டா போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே சிலிக்கோன் எண்ணெயை வெவ்வேறு அடர்த்திகளில் சிறு குழாய்களில் விற்கின்றன. ஓரம் மடித்து அடைக்கப்பட்டவற்றை முறையாகப் பிரிக்க இயலாது. பிரிக்க முடிந்தாலும், எண்ணெய் எந்த சீல் வழியாக வெளியேறியது என்பதைக் கண்டறியாமல் நிரப்புவதால் பயனில்லை. அதே வழியில் மீண்டும் வெளியேறிவிடும். அடர்த்தியான எண்ணெயை ஊற்றினால் ஃபேன் வேகம் கூடும் என்று அளவைத் தாண்டிப் போவதும் நல்லதல்ல. குளிர்ந்த நிலையிலும் அது விலகாமல் பிடித்தபடியே இருக்கும். பேரிங் ஆடாமல், சுருள் துருவேறாமல் இருக்கும் கிளட்சுக்கு மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். கிளட்சிலிருந்து மின்கம்பி ஒன்று இன்ஜின் கணினிக்குச் செல்லும் வகை என்றால் அதைத் தொடவே வேண்டாம். அதன் வால்வைக் கணினியே திறந்து மூடுவதால், முதலில் ஸ்கேன் கருவியில் பழுதுக் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.