ரீஸ்டோர் பாயிண்டை எப்போது அழிப்பது? கேள்வி பதில்

மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வருகிறேன். வைரஸ் நீக்குவது குறித்துக் கேட்பவர்களில் பாதிப் பேர் ரீஸ்டோர் பாயிண்டில்தான் வந்து நிற்கிறார்கள். விண்டோஸ் ஒரு தேதியில் இருந்த நிலையைச் சேமித்து வைப்பதுதான் ரீஸ்டோர் பாயிண்ட்; அந்த நிலைக்குத் திரும்பிப் போக உதவும் வசதி சிஸ்டம் ரீஸ்டோர். அவர்களுக்கான பதில்கள் இவை.

மேலூர், ஜெராக்ஸ் கடைக்காரர்: அண்ணே, யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறிவிட்டது. ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் நீக்கியது. 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரில் மட்டும் ஒன்று இருப்பதாகத் தினமும் கத்துகிறது. சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினால் போய்விடும் என்கிறார்களே?

போய்விடும் தம்பி, எல்லா ரீஸ்டோர் பாயிண்டுகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அவை இருக்கும் இடமே அந்த ஃபோல்டர்தான். விண்டோஸ் அதைப் பூட்டி வைத்திருப்பதால் ஆன்டிவைரஸால் பெரும்பாலும் உள்ளே கைவைக்க முடிவதில்லை. அங்கே கிடக்கும் வைரஸ் தூங்குகிறது. அந்தத் தேதிக்கு நீங்களே திரும்பிப் போனால் ஒழிய எழுந்திருக்காது. ஆகவே அவசரம் வேண்டாம்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 'முதலில் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்து' என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. நானும் அப்படித்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் நிறுத்திவிட்டு வைரஸைத் துடைத்தேன். துடைத்த வேகத்தில் விண்டோஸுக்குத் தேவையான ஃபைல் ஒன்றும் சேர்ந்து போயிற்று. மறுபடி போட்டால் லோகோ வருகிறது, கறுப்புத் திரை, மீண்டும் லோகோ. திரும்பிப் போக ஒரு பாயிண்டும் இல்லை. வைகாசி முகூர்த்த நேரம். விண்டோஸை விடிய விடிய மறுபடி ஏற்றினேன். அவர் வைத்திருந்த தமிழ் எழுத்துருக்களின் சிடி எங்கோ தொலைந்திருந்தது. அச்சுக்குத் தயாராக இருந்த கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் குறிகள். கடைக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் இப்போது என் வரிசை இதுதான்: முதலில் வைரஸை நீக்குங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரின்டர், ஸ்கேனர், இணையம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, திறக்கும் பெட்டியில் 'கிரியேட்' அழுத்திப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழையவற்றை அழிப்பது அதற்குப் பிறகுதான். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் கிளீன்அப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் 'மோர் ஆப்ஷன்ஸ்' என்ற பக்கம் சேரும். அங்கே கீழே உள்ள பொத்தான், கடைசிப் பாயிண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கும். முன்பு 'கிரியேட்' அழுத்திய பெட்டியில், 'கான்ஃபிகர்' பகுதியில் உள்ள 'டெலீட்' அப்படியல்ல, புதியதையும் சேர்த்து வழித்துவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

உசிலம்பட்டி வாசகர்: விசேஷ வீடுகளில் லேப்டாப்பில் மொய் எழுதிக் கொடுக்கிறேன். பிரின்டர் டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்ததிலிருந்து ரசீது வரவில்லை. போன வாரத்துக்கு ரீஸ்டோர் செய்தால், ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் எழுதிய கணக்கு போய்விடுமா?

உங்கள் கோளாறுக்குச் சிஸ்டம் ரீஸ்டோர் பொருத்தமான மருந்துதான். ஆவணங்கள், படங்கள், எக்ஸெல் ஃபைல்களை அது தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றிய புரோகிராம்களும் டிரைவர்களும் அப்டேட்டுகளும்தான் போகும். 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' என்பதை அழுத்தினால் எவை போகும் என்று முன்கூட்டியே பட்டியல் காட்டும். ஆனால் சில மொய் புரோகிராம்கள் கணக்கைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டுக் கை வையுங்கள். ஊர் செய்த செய்முறைக் கணக்கு தொலைந்தால் அந்த வீட்டார் உங்களை விடமாட்டார்கள்.

திருமங்கலம், ஆசிரியை: சி டிரைவ் 128 ஜிபிதான், சிவப்பாகிவிட்டது. ரீஸ்டோர் பாயிண்டுகளை அழித்தால் இடம் கிடைக்குமா?

கொஞ்சம் கிடைக்கும் டீச்சர். 'கான்ஃபிகர்' பகுதியில் 'மேக்ஸ் யூசேஜ்' அளவை 5 சதவீதத்தில் வையுங்கள். ஆறு ஜிபி அளவுக்கு வரும். அது நிரம்பினால் பழையதை விண்டோஸே நீக்கிக்கொள்ளும். முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

செல்லூர், கல்லூரி மாணவர்: நான் எதையும் அழிக்கவில்லை. ஆனால் என் லேப்டாப்பில் ஒரு பாயிண்ட்கூட இல்லையே?

விண்டோஸ் 10, 11 உள்ள பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு அணைந்தே இருக்கும். 'கான்ஃபிகர்' போய் 'டர்ன் ஆன்' கொடுங்கள். உருவாக்கிய பாயிண்டும் நிரந்தரமல்ல. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ஜூன் 2025 அப்டேட்டுக்குப் பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் தங்கும்.

மாட்டுத்தாவணி, பார்சல் அலுவலகம்: விண்டோஸே திறக்கவில்லை ஐயா. ரீஸ்டோர் எப்படிச் செய்வது?

இரண்டு மூன்று முறை திறக்க முடியாமல் போனால் பழுதுபார்க்கும் நீலத்திரை தானாக வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சிஸ்டம் ரீஸ்டோருக்குப் போகலாம். டிஸ்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். அதை வேறு கணினியிலோ கைப்பேசியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: எல்லா ஃபைல்களின் பெயரும் மாறி, பணம் கேட்டு ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. ரீஸ்டோர் செய்தால் திரும்புமா?

திரும்பாது. அது ரான்சம்வேர். பூட்டிய ஆவணங்களைச் சிஸ்டம் ரீஸ்டோர் திறந்து தராது. இந்த வகை வைரஸ்கள் பலவும் முதல் வேலையாக ரீஸ்டோர் பாயிண்டுகளைத்தான் அழிக்கும். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். பேக்அப் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், தயவுசெய்து அதை இந்தக் கணினியில் செருகிப் பார்க்காதீர்கள்.