பொய்மீன் செதுக்க எந்த மரம்?

கேள்வி: காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் அடிவாரக் குளங்களுக்கு விரால் பிடிக்க இறங்குவோம். தூண்டிலில் இரையாகக் கட்டக் கடையில் வாங்கும் பொய்மீன் பாறையில் மாட்டி அறுந்தால் காசு போச்சு. நாமே செதுக்கலாம் என்றால் எல்லா வீடியோவிலும் பால்சா மரம் என்கிறார்கள். நம் மலையில் அதற்கு மாற்று உண்டா? சில்வர் ஓக் நிறையக் கிடக்கிறது, ஆகுமா?
– ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: சில்வர் ஓக்கை விடுங்கள். அதன் பக்கத்திலேயே மிளகுக்கொடியைச் சுமந்துகொண்டு நிற்கிறதே கல்யாண முருங்கை, அதைப் பாருங்கள். சளி பிடித்தால் இலையைப் பறித்து அரிசியோடு அரைத்து அடை தட்டுகிறோம், நிழல்மரக் கிளைகளைக் கழிக்கும்போது கொம்பை மட்டும் வேலியோரம் வீசிவிடுகிறோம். அந்தக் கொம்புதான் உங்களுக்கு வேண்டியது.

பால்சா தென் அமெரிக்கப் பக்கத்து மரம். எடை குறைவு என்பதால்தான் அதற்கு இவ்வளவு பேர். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம் என்றால் பால்சா சுமார் 0.15 கிராம், கல்யாண முருங்கை 0.3 பக்கம், சில்வர் ஓக் 0.55 வாக்கில் வரும். கம்பி, ஈயம், இரண்டு மும்முனை முள் எல்லாம் ஏற்றிய பிறகும் பொய்மீன் மிதக்க வேண்டும், இழுத்தால் வாலை ஆட்ட வேண்டும். கட்டை கனமாக இருந்தால் மிதந்தாலும் ஆடாது, செத்த மீன் மாதிரி பின்னாலேயே வரும். போதாததற்கு சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும்.

பெயர் தெரியாத கட்டை கிடைத்தால் பென்சில் கனத்தில் 10 சென்டிமீட்டர் குச்சி சீவி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டு, சாயாமல் இருக்க இரண்டு விரலால் தொட்டும் தொடாமலும் நிமிர்த்திப் பாருங்கள். 3 சென்டிமீட்டர் முங்கினால் எடுத்துக்கொள்ளலாம், 6 முங்கினால் அடுப்புக்கு.

பச்சைக் கொம்பில் மட்டும் செதுக்காதீர்கள், பட்டவன் சொல்கிறேன். முதல் முறை வெட்டிய அன்றே உட்கார்ந்தேன், கத்திக்கு வெண்ணெய் மாதிரி வந்தது, கண் வைத்து, செதில் வரைந்து, வார்னிஷ் எல்லாம் அடித்து அழகு பார்த்தேன். பத்தே நாளில் வயிற்றில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, தலைவரை ஓடிவிட்டது. மூன்றாவது வீச்சில் தண்ணீர் குடித்து மல்லாந்தது. அடுத்த கொம்பு வெடிக்கக் கூடாது என்று பாலிதீன் பையில் கட்டி வைத்தேன், நம் ஊர் மூடுபனிக்கு அது உள்ளேயே கறுப்பாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அப்புறம் அம்மாதான், "விறகு எங்கே காயுதோ அங்கே போடேன்டா" என்று அடுப்புக்கு மேலே பரணைக் காட்டினார். முள்ளும் பட்டையும் சீவி, நடுவில் உள்ள மெத்தான சோறு போகும்படி நெடுக்காகப் பிளந்து, வெட்டு முனைகளில் மெழுகை உருக்கித் தடவிப் பரணில் போட்டேன். வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்தது. எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இவ்வளவு மெத்தான மரத்தில் திருகு கொக்கி நிற்காது, நல்ல விரால் ஒரு உதறு உதறினால் கையோடு வந்துவிடும். வயிற்றை நீளவாக்கில் கீறி, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துரு ஏறாத கம்பியை ஓட்டிப் பசை நிரப்புங்கள். ஈயம் வயிற்றின் அடியில் இருக்கட்டும், மேலே ஏறினால் குப்புறக் கவிழும். பெயின்ட்டுக்கு முன்னால் இரண்டு மூன்று தடவை வார்னிஷில் முக்கிக் காயவிடுங்கள்.

இன்னொன்று, கழித்த கொம்பே போதும், மரத்தில் கை வைக்க வேண்டாம். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது, பட்டா நிலமானாலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். சோலைக்காட்டில் விழுந்து கிடப்பதையும் தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மேல்மலையில் கல்யாண முருங்கை ஏது? வாட்டிலும் யூகலிப்டஸும்தான்.
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்: இரண்டும் கனம், யூகலிப்டஸ் காயும்போது முறுக்கி வெடிக்கவும் செய்யும். மெஷின் வந்து இறங்கும் கடைகளில் பாக்கிங் பெட்டிப் பலகை கேளுங்கள், பெரும்பாலும் பைன். கனம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் சிறிய பொய்மீனுக்குச் சமாளிக்கலாம். வெளிநாட்டுப் பெட்டியில் 'எச்.டி.' (HT) முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மருந்துப் புகை போட்டது, வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டி கிடைக்கும், ஆனால் அது மிதவைக்குத்தான் சரி, முள் மாட்டினால் தாங்காது. பாட்டில் கார்க்கையும் மறக்காதீர்கள். பின்லாந்துக்காரர் லௌரி ராபாலா 1936-இல் முதல் பொய்மீனை கார்க்கில்தான் செதுக்கி, சாக்லேட் சுற்றும் ஈயத்தாளை ஒட்டிப் பளபளப்பாக்கினார்.

கேள்வி: செதுக்கியதைக் கொடைக்கானல் ஏரியில் போடலாமா அண்ணே?
– ஒரு கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: போடலாம், மீன் வரும் என்று சொல்ல மாட்டேன் தம்பி. அங்கே அதிகம் கெண்டை வகை, அது அடியில் சேற்றைக் கிளறித் தின்கிற ஜாதி. மாவு உருண்டைக்கு வரும், ஓடுகிற பொய்மீனைத் துரத்தாது. முதலில் மீன்வளத் துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பொய்மீனை அடிவாரத்து விராலுக்கு வையுங்கள், அதிலும் மீன் உருவத்தைவிட மேலே மிதந்து வரும் தவளை உருவத்துக்குத்தான் அது பாய்கிறது. முள்ளை முதுகுப் பக்கம் பார்த்தபடி வைத்தால் பாசியில் மாட்டாது.